ஒரு டம்ளர் தண்ணீர்

புத்தாண்டு உறுதிமொழியை ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையிடம் சொல்ல வேண்டும். நம்மால் முடிகிற காரியம் என்றால் பச்சை எரியும், முடியாது என்றால் சிவப்பு. இதுவரை அது சொன்னது தப்பியதே இல்லை. சிகரெட்டை விடுகிறேன் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறேன். ஆறு வருஷமும் சிவப்புதான்.

என் மனைவி திலகவதி, "இந்த வருஷம் முழுக்க தினமும் அரை மணி நேரம் நடப்பேன்" என்றாள். சிவப்பு. கால் மணி நேரம் என்றாள். அதற்கும் சிவப்பு.

"நான் சோம்பேறின்னு இதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்று சிரித்தாள். பிறகு விளையாட்டாக, "சரி, வருஷம் முழுக்க தினமும் ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன்" என்றாள்.

சிவப்பு எரிந்தது.

"கெட்டுப்போச்சு போல" என்று பட்டையைக் கழற்றப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"இரு திலகா. வருஷம்னு சொல்லாதே. ஆறு மாசம் அரை மணி நேரம் நடப்பேன்னு சொல்லிப் பாரு."

ஆறு மாசத்துக்குச் சிவப்பு. மூன்றுக்கும் சிவப்பு. ஒரு மாசத்துக்குப் பச்சை எரிந்தது.

"பாத்தீங்களா, அரை மணி நேரமே முடியுமாம். பிப்ரவரி வந்தா இன்னொரு மாசம்னு சொல்லிக்கலாம்."

நான் அவள் செருப்பை எடுத்து வந்து, குனிந்து, நானே மாட்டிவிட்டேன். நிமிர முடியவில்லை.

"என்னங்க இது, புது வருஷமும் அதுவுமா நீங்க என் கால்ல விழுறீங்க" என்றாள்.