மிச்ச அறைகள்

வாழ்த்து மடலில் ‘மாசற்ற’ என்ற சொல்லை அவள் பேனாவால் அடித்தாள்.

முப்பது ஆண்டு மாசற்ற பணி என்று அச்சடித்திருந்தார்கள். இப்போது முப்பது ஆண்டுப் பணி என்று மட்டும் நின்றது.

அது போதும். அது உண்மை.

துணைவேந்தராக இன்று அவளுக்குக் கடைசி நாள். நாலு மணிக்குப் பாராட்டு விழா. கீழே அரங்கத்தில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் இன்னொரு தாளும் இருந்தது. விடுதித் துணைக் காப்பாளர் தமயந்தியை வேலையிலிருந்து நீக்கும் ஆணை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கோபத்தில் அவளே தட்டச்சு செய்தது. அதனால் நிறையப் பிழைகள். கையெழுத்து மட்டும் பாக்கி.

தமயந்தி எதிரே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பெண்கள் விடுதியில் பத்து நாளாக மஞ்சள் காமாலை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று. குளோரின் போட்டாயிற்று. தினமும் தமயந்தி ஒவ்வோர் அறையாகத் தட்டி, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துவிட்டு, கதவில் சாக்பீஸால் தேதி எழுத வேண்டும். இது துணைவேந்தரான அவள் கொண்டுவந்த வழக்கம். போலியோ சொட்டு மருந்து போட்ட வீடுகளின் சுவரில் எழுதிப் பழகிய கை.

எழுதிய கதவுகளில் சிலவற்றைத் திரும்பவும் தட்டிப் பார்ப்பாள். இது அதைவிடப் பழைய வழக்கம்.

இன்று மத்தியானம் மூன்றாவது மாடியில் கடைசி அறையைத் தட்டினாள். கதவில் மூன்று நாள் தேதிகள், அழகான கையெழுத்தில். உள்ளே ஒரு பெண் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கண் இரண்டும் மஞ்சள்.

மூன்று நாளாக யாரும் தட்டவில்லை என்றாள்.

தன் காரிலேயே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பயப்பட ஒன்றுமில்லை, தேறிவிடுவாள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் பேனாவைத் திறந்தாள். அது முதலில் ‘மாசற்ற’ மேல் போய் நின்றுவிட்டது.

முப்பது ஆண்டுக்கு முன் அவளுக்கு இருபத்தாறு வயது. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புது டாக்டர். சொட்டு மருந்து ஞாயிறுக்கு மறுநாள், விடுபட்ட பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும்.

மண்டையைப் பிளக்கும் வெயில். செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. ஐந்தரை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.

ஓடைக்கு அந்தப்புறத்து வீடுகளில் கதவைத் தட்டாமலே, சொட்டு போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சுவரில் ‘பி’ என்று எழுதி, தேதியும் போட்டுவிட்டு, பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை கிராம சுகாதாரச் செவிலியர் எஸ்தர் மருந்துப் பெட்டியோடு வந்து நின்றார்.

“டாக்டரம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம் ‘பி’ போட்டிருந்த ஒரு வீட்டுல கைப்பிள்ள இருந்துச்சு. சொட்டு போட்டுட்டேன். மிச்ச வீட்டுக்கு எப்பப் போவோம்?”

எஸ்தருக்குத் தெரிந்தது ஒரு வீடுதான். அந்த ஒரு வீடுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

ஏழு வீடு என்றாள்.

எஸ்தர் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அவளுடைய செருப்பு வாரில் குத்திக் கொடுத்தார். இருவரும் நடந்தார்கள்.

ஏழு வீட்டில் நான்கு பிள்ளைகள். நான்கும் ஓடி விளையாடுவதைப் பின்னால் பல தடவை போய்ப் பார்த்திருக்கிறாள்.

எஸ்தர் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் மாவட்டப் பொறுப்பு, பேராசிரியர் வேலை, இந்த நாற்காலி எதுவும் இல்லை. அவர் எழுதவில்லை. சாகும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருமுறை அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, எதற்கு என்று மெய்யாகவே கேட்டார்.

வாழ்த்து மடலின் பின்பக்கம், அவள் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. எஸ்தர் இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் மேலே எழுதிச் சேர்த்தாள். எழுதும்போது கண் கலங்கியது.

நிமிர்ந்தாள். தமயந்தியின் விரல் நுனிகளில் சாக்பீஸ் வெள்ளை.

“அந்தப் பொண்ணு தேறிடுவா. மிச்ச ரூமுக்கு எப்பப் போவோம்?” என்று அவளிடம் கேட்டாள்.

அந்த ஒரு அறைதான் என்று தமயந்தி சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. பேனா திறந்தே இருந்தது.

கீழே மைக்கில் அவள் பெயரைச் சொல்லிப் பழகினார்கள்.

தமயந்தி சாக்பீஸ் விரல்களைச் சேலையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

“ஆறு ரூம், மேடம்.”

அவள் ஆணையைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தைத் தமயந்தியிடம் தள்ளினாள். பேனாவையும் கொடுத்தாள். தமயந்தி ஆறு எண்களை எழுதினாள். இந்த முறை கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

மாடிப்படியில் பதிவாளர் பொன்னாடையோடு எதிரே வந்தார். கொஞ்ச நேரம் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, தமயந்தியோடு விடுதிப் பக்கம் நடந்தாள்.

முதல் கதவில் இன்றைய தேதி இருந்தது. அவள் அதை உள்ளங்கையால் அழித்தாள்.

கதவை அவள் தட்டவில்லை. தமயந்தி தட்டும்வரை பக்கத்தில் நின்றாள்.