தலையாட்டும் சீனன்

கூடத்து மேசைமேல் ஒரு பீங்கான் சீனன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். சீனாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஜெர்மன்காரன் ஒருவன் எந்தக் காலத்திலோ செய்த பொம்மை அது. மேசை அதிர்ந்தால் தலையும் இரண்டு கைகளும் ஆடும். வீட்டுச் சாமான்களைப் பாகம் பிரித்த அன்று கடைசியில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

“இது எனக்குத்தான்” என்று மேசையைத் தட்டினாள் மூத்த மருமகள் உமையாள். சீனன் ஆமாம் என்று தலையாட்டினான்.

“உங்களுக்கா? தினமும் தொடச்சு வச்சவ நான்” என்று இளைய மருமகள் சிகப்பி இன்னும் ஓங்கித் தட்டினாள். அவளுக்கும் ஆட்டினான்.

“யார் என்ன சொன்னாலும் ஆட்டுறான் பாரு, உன் புருஷன் மாதிரி” என்றாள் உமையாள்.

சிகப்பி பொம்மையின் கழுத்துக்குள் சும்மா செருகியிருந்த தலையை உருவி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

“எல்லாத்துலயும் பாதிப் பாதின்னுதானே பேச்சு? மிச்சத்த நீங்களே வச்சுக்குங்கக்கா.”

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

காலிக் கூடத்தில் உமையாள் மறுபடியும் மேசையைத் தட்டினாள்.

“எனக்குத்தான்.”

தலையில்லாத உடம்பில் கைகள் மட்டும் ஆடின. அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.