பின்னால் நின்ற நெய் கூப்பன்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கிளிப்புக்குத் தன் பிடியைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. ஹேமா கொண்டுவந்து செருகும் மளிகைக் கூப்பன்களை அதுதான் அடுக்கிவைக்கும். அற்பத் தள்ளுபடி முன்னால், பெரிய தள்ளுபடி பின்னால்.

"அண்ணே, நான் பாதி விலை நெய் கூப்பன். இந்த ஞாயிறோட என் காலம் முடியுது. என்னைக் கொஞ்சம் முன்னால விடுங்கண்ணே" என்று கெஞ்சியது கடைசியில் நின்ற கூப்பன்.

"உன் மதிப்பு உனக்கே தெரியலையே! முன்னால நின்னா எண்ணெய்க் கை படும், கசங்கிப்போவே. பேசாம இரு."

ஹேமா கடைக்கு ஓடும்போதெல்லாம் முன்னால் இருந்ததை உருவிக்கொண்டு போனாள். பெரும்பாலும் அது பினாயில் கூப்பன். வீட்டில் பினாயில் பாட்டில்கள் பெருகின. ஞாயிறும் வந்து போனது.

திங்கட்கிழமை நெய் டப்பாவைச் சுரண்டிப் பார்த்த ஹேமா, எழுத ஒரு தாள் தேடி, பின்னாலிருந்து நெய் கூப்பனை இழுத்தாள். தேதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் 'நெய் வாங்கணும்' என்று எழுதி, மறுபடி கிளிப்பில் செருகினாள்.

"பாத்தியா" என்றது கிளிப். "ஒரு மடிப்பு விழாம வெச்சிருந்தேன். எழுத எவ்வளவு வாகா இருந்துச்சு!"