அக்கா மகள்

கம்பிக் கதவுக்கு வெளியே பூட்டு தொங்கியது.

மோகனப்பிரியா கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து அதை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.

காலில் ஷூ போட்டாகிவிட்டது. முதுகில் பை. பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு குடையும்.

சித்தியும் சித்தப்பாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கிளம்பியிருக்க வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஆளுங்களோட பாசிர் ரிஸ் போறேன் சித்தி’ என்று இரண்டு முறை சொல்லி வைத்திருந்தாள். ‘பார்க்கலாம்லா’ என்றிருந்தாள் சித்தி. அதை இவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. கூடப் படிக்கும் அனுப்ரியா. ‘எங்க இருக்க? தண்ணி ஏறிட்டா ஒண்ணும் பார்க்க முடியாது லா.’

பாசிர் ரிஸ் அலையாத்திக் காட்டில் கடல் உள்வாங்கும் காலை அது. வேர்களுக்கு நடுவே சேறு தெரியும். சேற்றில் நண்டு ஓடும், மீன் தத்தித் தத்திப் போகும். திண்டுக்கல்லில் விலங்கியல் படிப்பவள், ஒரு செமஸ்டர் சிங்கப்பூரில் படிக்க எழுதிப்போட்டதே இதற்காகத்தான். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறாள். இதுவரை அவள் பார்த்த காடு, புக்கிட் பாத்தோக்கில் இந்த வீட்டின் சமையலறை ஜன்னலில் தெரியும் குன்று மட்டும்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது வந்துவிடும். விருந்தாளி வருவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும். ‘இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கடா கண்ணு’ என்பாள் சித்தி.

இவளுக்கு அதில் வருத்தமில்லை. ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் அம்மா தவித்தபோது, ‘நான் இருக்கும்போது உன் பொண்ணுக்கு ஹாஸ்டல் எதுக்குக்கா’ என்று கேட்டவள் இந்த வசந்தகுமாரி சித்திதான். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சமையலறையை ஒட்டி, ஜன்னல் இல்லாவிட்டாலும், ஒரு தனி அறையே கொடுத்திருந்தாள். ‘நாலு பாத்திரம் கழுவினா குறைஞ்சா போயிடுவ?’ என்று அம்மாவும் போனில் சொன்னாள்.

சித்தியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செய்தி வந்தது.

‘பூட்டிட்டேனா? பழக்கத்துல பூட்டிருப்பேன். சாயங்காலம் வந்துடுவோம். மீனைக் கழுவி மசாலா தடவி வச்சிடு.’

மோகனப்பிரியா கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். பையைக் கழற்ற மனம் வரவில்லை. தாழ்வாரத்தில் யாரோ வைத்திருந்த செடியில் ஒரு மைனா உட்கார்ந்து, இவளைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ரோசம்மா, சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்தார். எப்போது பார்த்தாலும் ‘சாப்பிட்டியாம்மா?’ என்று இரக்கத்தோடு கேட்பவர். அது அவர் சுபாவம் என்று இவள் நினைத்திருந்தாள்.

“ஏம்மா, உள்ள வச்சுப் பூட்டிட்டா போயிட்டாங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் ரோசம்மா தன் வீட்டுக்குள் போய் ஒரு சாவியோடு வந்தார். “அவசரத்துக்குன்னு ஒண்ணு என்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க.”

இன்னொரு சாவி இல்லை, செய்யத்தான் கொடுக்க வேண்டும் என்று சித்தி இவளிடம் சொல்லியிருந்தாள். வந்த முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூட்டு திறந்தது.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு குடுக்கணும்லா. வேலைக்கு வந்த பொண்ண இப்படிப் பூட்டி வைக்கிறது தப்பு. உன் ஏஜென்ட் நம்பர் இருக்கா? நான் பேசறேன்.”

மோகனப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. டீ கொண்டுபோய் வைக்கும்போது சித்தியின் தோழிகள் நிமிர்ந்து பார்க்காதது. ‘இவளுக்குச் சமையல் கைவந்துடுச்சா?’ என்று ஒருத்தி கேட்டது. அதைப் பாராட்டு என்று எண்ணி இவள் சிரித்தது.

முகம் சூடாகியது.

“இல்ல ஆன்ட்டி. நான் இங்க படிக்க வந்திருக்கேன். சித்தி எங்கம்மாவுக்குத் தங்கச்சி முறை.”

ரோசம்மாவின் முகம் மாறவில்லை. இவள் கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“பயப்படாதம்மா. முன்னாடி இருந்த பொண்ணையும் ‘எங்க அக்கா மக மாதிரி’ன்னுதான் சொன்னாங்க. அவளும் சித்தின்னுதான் கூப்பிட்டா.”

மாணவர் அட்டை பையின் வெளிப்பக்கத்தில் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். ‘ஐயோ, வேலைக்காரப் பொண்ணுன்னு நெனச்சிட்டேனேம்மா’ என்று ரோசம்மா பதறிப்போவார்.

பையை முன்னால் இழுத்து ஜிப்பைப் பாதி திறந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன ஆன்ட்டி?”

ரோசம்மா யோசித்தார். கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு வருஷம் இருந்தா. பேரு... நான் கேட்டுக்கலையேம்மா.”

மோகனப்பிரியா எழுந்து வெளியே வந்தாள். தன் பெயரைச் சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் லிப்ட்டை நோக்கி நடந்தாள்.