பெஞ்சைத் தட்டுகிறவர்

“டைலர் வந்திருக்கேன் டீச்சர்!”

“டிரைவர் ஆஜர்!”

“கொத்தனார். போன வாரம் வரலைன்னு திட்டிடாதீங்க.”

வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். மூளைக் கட்டியை எடுத்தபோது டீச்சருக்கு முகம் பிடிபடாமல் போய்விட்டது. கண் தெரியும், மூக்கு தெரியும், இரண்டையும் சேர்த்து இன்னார் என்று சொல்ல வராது. கட்டின புருஷனையே இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

கடைசியாக, பெஞ்சை இரண்டு தடவை தட்டும் சத்தம்.

“வாங்க மௌனசாமி,” என்றார் டீச்சர்.

அது டிரைவர் வைத்த பேர். ஏழு மாதமாக வருகிற மனிதர், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆபரேஷனில் பேச்சு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே வருகிறவர்களிடம் கட்டி எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் விட்டிருந்தது. டைலருக்கு இடது கை, கொத்தனாருக்கு எழுத்து. டிரைவருக்கு நேற்று நடந்தது இன்றைக்கு நிற்காது. அதனால் யாரும் யாரையும் தோண்டிக் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய எக்ஸ்ரே அறை. சனிக்கிழமை நாலு மணிக்கு முதலில் பாடம், பிறகு புத்தகப் பேச்சு. சம்பளம் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூட வேலை போன பிறகு டீச்சரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது இதுதான்.

“மௌனசாமி, நம்ம வார்த்தை. உதட்டை மூடுங்க. இப்ப திறங்க. அம்மா.”

உதடு மூடியது. திறக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

“அம்மா வேணாம் டீச்சர், அழுதுடறாரு,” என்றார் டிரைவர். “டீன்னு சொல்லச் சொல்லுங்க. சொன்னாருன்னா நானே ஓடிப்போய் வாங்கிட்டு வரேன்.”

“போறது சரி, எதுக்குப் போனோம்னு ஞாபகம் இருக்குமா உனக்கு?” என்றார் கொத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“இன்னிக்காவது பேச வெச்சிடணும்னு பார்த்தேன். எனக்குக் கட்டி மறுபடி வளர்ந்திருக்கு. வியாழக்கிழமை ஆபரேஷன். ஒரு காது போன தடவையே போச்சு. மிச்சம் இருக்கறதும் போனாலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

‘எல்லாம் சரியாயிடும்’ என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அந்த அறையில் விலை போகாது.

“அப்புறம் எங்களை எப்படி டீச்சர் கண்டுபிடிப்பீங்க?” என்று டைலர்தான் கேட்டார்.

“மாட்டேன்,” என்றார் டீச்சர். “சரி, கதைக்கு வாங்க.”

அந்த வாரக் கதையில், கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே அப்பா தூங்காமல் படுத்திருக்கிறார். அவனும் தட்டவில்லை, அவரும் திறக்கவில்லை. அதோடு கதை முடிகிறது.

“என் பொண்டாட்டி படிச்சுக் காட்டினா,” என்றார் கொத்தனார். “கேட்டுட்டு ரெண்டு பேருக்கும் சண்டை. வந்தவன் ஒரு குரல் கொடுத்தா என்ன? வாயில பூட்டா போட்டிருக்கு?”

“வெளிய போன்னு சொன்னது அப்பன்தானேய்யா? அவன்தான் கூப்பிடணும்,” என்றார் டைலர்.

“கூப்பிடணும்னு தோணறப்ப ஆள் கிடைக்கணுமே,” என்றார் டீச்சர். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு தம்பி. வெளியூர்ல வேலை. அம்மா படுத்தப்ப அவனுக்கு ரெண்டு தடவை சேதி அனுப்பினேன். வரலை. அடக்கம் முடிஞ்சு நாலாம் நாள் சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கறான், கையில அம்மாவுக்குப் புதுச் செருப்போட. எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. சொல்லக் கூடாததைச் சொல்லி, வாசலோட அனுப்பிட்டேன். பதினோரு வருஷமாச்சு.”

“அம்மாவுக்கே வரலைன்னா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்,” என்றார் கொத்தனார்.

“அவசரப்படாதீங்க. போன வருஷம் பழைய ஃபோனைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி திறந்து பார்த்தேன். அந்த ரெண்டு சேதியும் அவன் விட்டுட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கு. புது நம்பரை அவன் சொல்ல, அதே ஃபோன்ல என் கையாலதான் பதிஞ்சு வெச்சிருக்கேன். கட்டி அப்பவே உள்ளே இருந்திருக்கும், அதனால வந்த மறதின்னு டாக்டர் சொல்றாரு. நல்ல சாக்குதான். எனக்குத்தான் ஆறலை.”

“தேடிப் பார்த்தீங்களா டீச்சர்?”

“அந்த நம்பரும் இப்ப இல்லை. அவன் எங்க இருக்கான்னு சொல்ல ஆளில்லை. எதிர்ல வந்து நின்னாலும் எனக்கு முகம் தெரியாது. காது இருக்கறப்பவே ஒரு தடவை அவன் பேசிக் கேட்டுட்டா...”

டைலர் டீச்சருக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறக்க ஒற்றைக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெஞ்சு கிரீச்சிட்டது. மௌனசாமி எழுந்து நின்றிருந்தார்.

“சேதி வரலைக்கா,” என்றார். துருப்பிடித்த குரல். “வந்திருந்தா, நடந்தாவது வந்திருப்பேன்.”

‘உன் குரல் இனிமே என் காதுல விழவே கூடாது’ என்று என்றைக்கோ வாசலில் வைத்து அக்கா சொன்ன ஒரு சொல்லுக்காக, தலையில் கட்டியோ தழும்போ எதுவும் இல்லாத அந்தத் தம்பி, ஏழு மாதமாக அவள் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தான்.