கழுதை மேல் வந்த காதல்

"இன்னிக்கு அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

"எவ?" என்றாள் அவர் மனைவி, தையற்காரம்மா.

"ராஜகுமாரிதான். நான் பக்கத்துல நின்னா அவளுக்குத் தைரியமா இருக்காம்."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களும் அதைத்தான் சொல்றாங்க. அவங்களையும் காதலிக்கிறதுதானே?"

ஐம்பதைத் தாண்டிய மனுஷன். கையில் அடங்குகிற ஒரு வீடியோ கேம் பெட்டி. அதற்குள் ஒரு ராஜகுமாரி. அவளைப் பார்த்து இந்த இளிப்பு. தையற்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளே நொந்துபோய் இருந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. கட்டைவிரல் மட்டும் மடங்க மறுத்தது. அது கத்தரிக்கோலுக்குள் நுழைந்து அசைந்தால்தானே துணி வெட்ட முடியும்? தையல்கடை பூட்டிக் கிடந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொல்லியிருந்தாள். "விட்டுட்டீங்கன்னா விரல் அப்படியே இறுகிடும். அப்புறம் கத்தரிக்கோலை மறந்துட வேண்டியதுதான்."

பந்து பீரோ மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அமுக்கிப் பார்த்தால் எவ்வளவு முடியவில்லை என்பது தெரிந்துவிடுமே என்று அவளுக்குப் பயம். அதை வெளியே சொல்லாமல், "நான் என்ன கைக்குழந்தையா, பந்து வச்சு விளையாட?" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்காரர் காதலிக்கத் தேர்ந்தெடுத்த நேரம் அது.

கட்டம் கட்டமாகப் படையை நகர்த்திச் சண்டை போடுகிற விளையாட்டு. அதில் படைத்தலைவன் வீட்டுக்காரர்தான். பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நின்று சண்டை போடுகிறவர்களுக்குள் காதல் வளரும். தலைக்கு மேல் ஒரு இதயம் சிவக்கும். நன்றாகச் சிவந்தால் கல்யாணம்.

"பெட்டி டேபிள் மேல இருக்கு. தொட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவார்.

தொடாதே என்று சொன்ன பிறகு தொடாமல் இருக்க அவள் என்ன மகானா?

முதலில் ராஜகுமாரியைத் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் சேற்றில் நிறுத்தினாள். லேசில் நகரவில்லை. ஒரு கட்டம் போவதற்குள் பெட்டி "நகரவா?" என்று கேட்டது, "நிச்சயமாகவா?" என்று கேட்டது, "மாற்றமில்லையே?" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் வலது பக்கப் பட்டனை அமுக்க வேண்டும். கட்டைவிரல் உயிர்போக வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வேறு யாரையாவது நிறுத்த வேண்டுமே? மூட்டை சுமக்கிற கழுதை சும்மா நின்றது. அதைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

விளையாட்டைச் செய்தவன் அரைகுறை. கழுதையையும் படைவீரர் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தான்.

மாலையில் பெட்டியைத் திறந்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது? கழுதை என்னைப் பார்த்து வெட்கப்படுது."

"காதலுக்குக் கண்ணில்லைங்க."

"ஏதோ கோளாறு."

"கோளாறுன்னா திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"சேச்சே. நான் முதல்லேர்ந்து காதலிச்சுக்கறேன்."

அவர் மாலையில் சேர்த்ததை அவள் மறுநாள் பகலில் பிரித்தாள். தையல் பிரிப்பது அவளுக்குப் புதிதா என்ன? நாளாக நாளாகக் கை வேகமும் கூடியது. ராஜகுமாரி சேற்றிலேயே குடியிருந்தாள். கழுதையின் தலைமேல் இதயம் தக்காளியாகச் சிவந்தது.

ஒரு நாள் போர்க்களத்தின் நடுவில் கழுதை அவருக்குப் பூங்கொத்து நீட்டியது. கழுதைக்கென்று காதல் வசனம் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ராஜகுமாரியின் வசனமே வந்து விழுந்தது.

"'உங்கள் தோளில் சாய்ந்தால் என் பாரமெல்லாம் இறங்கிவிடுகிறது'" என்று சிரிக்காமல் படித்தார் வீட்டுக்காரர்.

அவள் சமையலறைக்குள் ஓடி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கை முறிந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த முறை போனபோது பிசியோதெரபிஸ்ட் ஒரு துண்டுத் துணியையும் கத்தரிக்கோலையும் நீட்டினாள்.

தையற்காரம்மா தயங்கித் தயங்கி விரலை நுழைத்தாள். நுழைந்தது. அழுத்தினாள். சரக்கென்று நேர்கோடாக வெட்டியது. இன்னொரு தடவை வெட்டினாள். கண் கலங்கிவிட்டது. கடையைத் திறந்துவிடலாம்.

"அடேயப்பா! பந்தை விடாம அமுக்கினீங்களா?"

"பின்னே? ஒரு நாள் தவறலை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதானே பார்த்தேன். சரி, உங்க வீட்டுக்காரருக்கும் கழுதைக்கும் கல்யாணம் எப்போ?"

வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"அது... உங்களுக்கு எப்படி..."

"பந்து கொடுத்த மறுநாளே அவர் இங்க வந்துட்டார். 'அவ பந்தைத் தொட மாட்டா, அந்த விரலுக்கு வேற வேலை ஏதாவது சொல்லுங்க'ன்னு நின்னார். என் தம்பி ஒரு விளையாட்டு வாங்கி, எடுத்ததுக்கெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்லுதுன்னு திட்டிட்டு மூலையில போட்டிருந்தான். அதை எடுத்துக் கொடுத்தேன். கழுதை கதையெல்லாம் அவரே போன்ல சொன்னதுதான்."

தையற்காரம்மா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"'பந்தையே தொடாதவங்க இதை மட்டும் தொடுவாங்களா?'ன்னு கேட்டேன். 'நான் அதுல ஒருத்தியைக் காதலிக்கிறேன், அந்தக் கையாலேயே எங்களைப் பிரிச்சு வைப்பா பாருங்க'ன்னார்."