இரண்டாவது படம்

"முதல்ல எடுத்தது அதிதி. இது அனகா. எடுங்க, சேச்சி" என்றாள் சங்கரி.

ஜிஷா கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அதே குழந்தை. மஞ்சள் கவுன் போய் நீலக் கவுன் வந்திருந்தது. ஒற்றைக் குடுமி இரட்டைக் குடுமியாகியிருந்தது. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

வீடு தேடிப் போய்ச் சின்னக் குழந்தைகளைப் படமெடுப்பது ஜிஷாவின் தொழில். ஃபிளாஷ் போடமாட்டாள், ஜன்னல் வெளிச்சம் போதும் அவளுக்கு. குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால், இருட்டு விழுந்த கன்னத்திலும் வெளிச்சம் தெறித்து முகம் மலர்ந்துவிடும். மட்டாஞ்சேரியில் அவள் எடுத்த படம் தொங்காத தெரு குறைவு.

இந்த வீடு அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இரட்டைக் குழந்தைகள், மூன்று வயது, தனித்தனிப் படம் வேண்டும் என்று சங்கரி போன வாரமே சொல்லியிருந்தாள். கணவன் ரமேஷ்பாபு சரக்குக் கப்பலில் சமையல்காரன். மாதம் தவறாமல் இரண்டு பேர் படமும் வந்தாக வேண்டுமாம் அவனுக்கு.

வந்து பார்த்தால் வீட்டில் ஒரே குழந்தை. மற்றவள் பக்கத்து வீட்டில் தூங்குவதாகச் சங்கரி சொன்னாள். தூங்கியவளை அழைத்துவர அவள் நகரவே இல்லை.

ஏதோ உதவித் திட்டத்தை ஏமாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று ஜிஷா தீர்மானித்தாள். நினைத்ததை மறைக்கும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

"ஒரு குழந்தையை ரெண்டாக் காட்டி எங்கே கொண்டு கொடுக்கப் போறே, மோளே? அதுக்கு என் கேமராதான் கிடைச்சுதா?"

சங்கரி குழந்தையின் முன் மண்டியிட்டு, "அனகா, இங்க பாரு" என்றாள்.

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தது. பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தது.

"அனகா இல்லியே" என்றது.

ஜிஷா கேமராவைக் கீழே வைத்தாள்.

ஆடி மழையில் வந்த காய்ச்சல். இரண்டு குழந்தைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போன சங்கரி, நான்காம் நாள் ஒன்றோடு திரும்பினாள். ரமேஷ்பாபு அப்போது நடுக்கடலில் இருந்தான். தை மாதத்துக்கு முன்னால் அவன் ஊர் திரும்ப வழியில்லை. தன் அண்ணனையும் அக்கம்பக்கத்தாரையும் சங்கரி கையெடுத்துக் கும்பிட்டு வாயடைத்தாள். அவன் பேசும்போதெல்லாம் ஒருத்தி தூங்குகிறாள் என்றாள்.

"சுத்திவரத் தண்ணி, சேச்சி. இதைச் சொன்னா அந்த மனுஷன் என்ன செய்வாரோன்னு நினைச்சாலே ஈரக்குலை நடுங்குது."

"ஒரு மாசம் படம் அனுப்பலைன்னாத்தான் என்ன?"

"விடமாட்டாரு. போன மாசம் மூணு நாள் தள்ளிப்போச்சு. அனகா படம் எங்கே, அனகா படம் எங்கேன்னு ஒரே சண்டை."

பெற்றவள் இருக்கும் இருப்பு புரியாமல் இப்படி உயிரை வாங்கும் ஆண்பிள்ளையை ஜிஷா மனத்துக்குள் வைதாள்.

இதுவரை தன் போனிலேயே எடுத்து அனுப்பியிருக்கிறாள் சங்கரி. அதிதிக்கு இடக்கன்னத்தில் ஒரு மச்சம், அனகாவுக்குக் கிடையாது. பவுடர் அப்பினால் குழந்தை துடைத்துக்கொள்கிறது. இந்த நிலையில்தான் எதிர்வீட்டுச் சுவரில், வெள்ளைத் துணி கட்டப் பழகுவதற்கு முன் ஜிஷா எடுத்த பழைய படம் ஒன்று அவள் கண்ணில் பட்டது.

"ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. எனக்கு அந்த இருட்டு வேணும், சேச்சி."

இத்தனை வருடத் தொழிலில் ஜிஷாவிடம் யாரும் இருட்டு கேட்டதில்லை.

வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். குழந்தையின் வலக்கன்னம் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பினாள். மச்சம் நிழலில் மறைந்தது. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று சங்கரியிடம் சொல்லிவிட்டு, வெளியே கிடங்குக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையைத் தானே காட்டினாள்.

குழந்தை சிரிக்காமல் பார்த்தது.

"இது போதும்" என்றாள் சங்கரி. "அனகா சிரிக்கமாட்டா. முறைப்பா."

சங்கரியின் போன் ஒரு வாரமாகத் தகராறு செய்தது. அதனால் கணவனின் எண்ணைக் கொடுத்து, படங்களை ஜிஷாவையே நேராக அனுப்பிவிடச் சொன்னாள். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம், இன்று பார்த்துவிடுவானாம்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஜிஷா இரண்டு படங்களையும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது. காதோடு வைத்துக் கேட்டாள்.

"சேச்சி, சங்கரி பக்கத்துல இருந்தா இதை நிறுத்திருங்க."

இயந்திர இரைச்சலுக்கு நடுவே ரமேஷ்பாபுவின் குரல் தொடர்ந்தது.

"ரெண்டு படத்துலயும் இருக்கிறது அதிதி. எனக்கு மொத மாசமே தெரியும். பெத்தவனுக்கு மச்சமா வேணும்? யாரும் சொல்லல, நானும் யாரையும் கேக்கல. நீங்களும் அவகிட்டச் சொல்லிராதீங்க."

பஸ் வந்து நின்றது. ஜிஷா ஏறவில்லை.

"அனகா படம் எங்கேன்னு நான் சண்டை போட்டாத்தான், சேச்சி, அவ படுக்கையை விட்டு எந்திரிச்சு, புள்ளைக்குத் தலைசீவி, அந்த ஜன்னலைத் திறக்கிறா. நான் வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு படமாவே எடுத்துக் குடுங்க."